வலைக்கு இந்தப் பக்கத்து ஒற்றன்

உலகத்தில் இதுவரை நடந்த குற்றங்கள், இனி நடக்கப்போகிற குற்றங்கள் ஆகிய அனைத்தையும் கண்டுபிடிக்க ஒரே ஒரு பார்வை போதும். இரண்டாவது தடவை பார்க்கிறவன், முதல் தடவை தூங்கினவன்.

இதைச் சொன்னவர் துப்பறியும் நிபுணர் ஆவுடைநாயகம். சொன்ன இடம், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மேலே இருந்த அவருடைய அலுவலகம். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. உதவியாளன் வைத்தியும் சிரிக்கவில்லை. சிரித்தால் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை சொல்வார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் வேதமுத்து. ஆற்றங்கரை வாலிபால் கிளப்பின் செயலாளர். மைக் செட் கடை வைத்திருந்தார். போட்டி நாட்களில் மைக்கும் அவருடையது, அதில் பேசுகிற வாயும் அவருடையது. பல வருஷம் மைக்கில் பேசிய பழக்கத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் மைதானத்தின் மறுகோடியில் நிற்பவராகவே நினைத்துப் பேசுவார்.

"அன்பார்ந்த ஆவுடைநாயகம் அவர்களே! எங்க அணியில ஒரு துரோகி இருக்கான்!"

கீழே டைப்ரைட்டர்கள் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தன.

"பைய சொல்லுங்க, அண்ணாச்சி," என்றார் ஆவுடைநாயகம்.

"பையத்தான் சொல்லுதேன்! ஆழ்வார்குறிச்சிக்காரனுவகிட்ட மூணு தடவ தோத்துட்டோம். எங்ககிட்ட ரெண்டு ஸ்மாஷ் அடிக்கிற பயலுவ. இடது பக்கம் ஒருத்தன், அவன் இடி. வலது பக்கம் ஒருத்தன், அவன் மின்னல். ரெண்டும் நான் வச்ச பேரு. பந்தை எவனுக்குத் தூக்கிக் கொடுக்கணும்னு முடிவு பண்ணுதவன் செட்டர், அசன் முகம்மது. அவன் கையவிட்டுப் பந்து கெளம்புததுக்கு முந்தியே ஆழ்வார்குறிச்சிக்காரன் அந்தப் பக்கம் சுவர் மாதிரி எந்திரிச்சு நிக்கான்! எப்படித் தெரியுது?"

"செட்டர் சொல்லாம தெரியாது," என்றார் ஆவுடைநாயகம்.

"அதைத்தான் ஊரும் சொல்லுது. ஞாயித்துக்கிழமை ஃபைனல். மறுபடியும் அதே ஆழ்வார்குறிச்சி. ஆட்டத்தைப் பாக்கத் தூத்துக்குடித் துறைமுக அணியிலருந்து ஆளெடுக்க ஒரு ஆபீஸர் வாராரு. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள ஒற்றன் யாருன்னு நீங்க சொல்லணும். இல்லேன்னா அசனை உக்கார வச்சுருவோம். ஏன் உக்கார வச்சோம்னும் சொல்லிருவோம்."

"எங்கன வச்சு சொல்லுவீங்க?" என்றான் வைத்தி.

"மைக்கிலதான்!"

அசன் முகம்மது வைத்தியோடு கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பரீட்சையில் விடைத்தாளைக் காட்டச் சொன்னால் கூட, தப்பான விடையாக இருந்தால் மூடிக்கொள்வான். நண்பனைக் கெடுத்த பாவம் வரக்கூடாதாம். அவனா ஆட்டத்தை விற்பான்?

அன்றைக்குச் சாயங்காலமே கிளப்புக்குப் போனார்கள். ஆற்றை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் வாலிபால் மைதானம். கொட்டகைக்குள் ஒரு டிவி, ஒரு வி.சி.ஆர்., அதன் முன்னால் விசில் தொங்கும் கழுத்தோடு கோச் சுடலைமாடன். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஆழ்வார்குறிச்சியிடம் கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எடுத்த படம். அதனால் ஆட்டம் முழுக்க சினிமாப் பாட்டு ஓடியது. காதல் பாட்டுக்கு சர்வீஸ் போட்டார்கள்; சோகப் பாட்டுக்குத் தோற்றார்கள்.

"இது எத்தனையாவது தடவ வே?" என்றார் ஆவுடைநாயகம்.

"எண்ணல. ஒரு ஆட்டத்தைப் பத்துத் தடவ பாத்தாத்தான் கால் எங்க தப்புது, கை எங்க பிந்துதுன்னு தெரியும். வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் பழகுதானுவ."

"மாவரைச்ச மாதிரி அரைச்சதையே அரைக்கீரு. ஒரு தடவ பாத்தவனுக்கு என்ன தெரிஞ்சுதோ அதான் தெரியும். மிச்சமெல்லாம் கண்ணுக்கு வேலை கொடுக்கிறது."

சுடலைமாடன் படத்தை நிறுத்தினார். திரையில் அசன் பந்துக்குக் கீழே நின்றான். பந்து இன்னும் விரலில் படவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் ஏற்கெனவே காற்றில் இருந்தார்கள்.

"பாத்தீரா? விரல் சரி. பந்து போன உயரம் சரி. செட்டிங்ல ஒரு குத்தம் இல்ல. பெறவு எப்படி எந்திரிக்கான்?"

அந்த நேரத்தில் அசன் முகம்மது உள்ளே வந்தான். ஆவுடைநாயகம் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒரே பார்வை. காலில் வந்து நின்றது.

"புது ஷூ," என்றார். "ஃபாரின் ஷூ. கேஸ் முடிஞ்சுது. வைத்தி, வா போவோம்."

"மாமு கொண்டாந்தது, அண்ணாச்சி," என்றான் அசன். "காயல்பட்டினத்து மாமு. துபாய்லருந்து போன மாசம் வந்தாங்க."

"ஆழ்வார்குறிச்சி கேப்டன்கூட டீக்கடையில நின்னியாமே?"

"தோத்தவன் ஜெயிச்சவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கணும், அது இங்கன உள்ள முறை. மூணு ஆட்டம் தோத்தோம், மூணு டீ. நாலாவது டீயை அவன் வாங்கித் தரணும்னு மனசுல நிய்யத்து வச்சிருக்கேன்."

ஆவுடைநாயகத்தின் முகத்தில் முடிந்துபோன கேஸ் ஒன்று மறுபடியும் திறந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

அசன் வைத்தியைக் கொட்டகைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனான். மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"மாப்ள, விசா வந்து கெடக்கு. திங்கக்கிழமை மெட்ராஸுக்குக் கெளம்புன்னு வாப்பா நிக்காங்க. துறைமுகத்துக்காரங்க எடுத்துக்கிட்டா விசாவைத் திருப்பி அனுப்பிருவேன்னு சொல்லியிருக்கேன். எடுக்கலேன்னா துபாயில ஜவுளிக்கடை. சட்டை மடிக்கணும். மடிச்சுட்டுப் போறேன், அது ஒண்ணுமில்ல. ஆனா ஆட்டத்தை வித்துட்டு ஓடிட்டான்னு எங்க மேலப்பாளையம் பூரா பேசும்லா. எங்க வாப்பா பள்ளிவாசலுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவாங்க?"

வைத்திக்கு வழக்கமாக எதற்கும் ஒரு நக்கல் வாயில் வந்து நிற்கும். அன்றைக்கு வரவில்லை. உள்ளே திரும்பி வந்தபோதும் அவனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், திரும்பினான். டிவியில் ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் மறுபடி குதித்தார்கள்.

"பந்தைப் பாத்தா குதிக்கானுவ?" என்றான் எரிச்சலோடு. "பாட்டுக்குல்லா குதிக்கானுவ."

ஆவுடைநாயகம் நின்றார்.

"என்ன சொன்ன?"

"சும்மா சொன்னேன், அண்ணாச்சி."

"மாஸ்டர், ஆட்டத்தன்னைக்கு மைதானத்துல பாட்டா போட்டாங்க?"

"இல்லியே. அது வீடியோக் கடையில சேத்தது."

"அப்போ மைதானத்துச் சத்தம் எங்க?"

"அதை எடுத்துட்டுத்தான் பாட்டைப் போட்டாங்க."

"நீரு பத்துத் தடவ பாத்தீரு. ஒரு தடவகூடக் கேக்கல," என்றார் ஆவுடைநாயகம். அவருடைய நடையில் திடீரென்று வேகம் வந்தது. "வைத்தி, அந்தச் சத்தம் நமக்கு வேணும்."

"ஒரு பார்வைக்கு மேல கூடாதுன்னு…"

"பாக்கவா போறேன்? கேக்கப் போறேன். காதுக்கு அந்தச் சட்டம் கெடையாதுலே."

மறுநாள் சனிக்கிழமை. ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போன பஸ் ஆற்றுப் பாலத்தில் ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வைத்தி சீட்டில் உட்காராமல் வாசல்படிக்கும் டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தான்.

"நீரு நடந்தா பஸ் சீக்கிரம் போவுமா?" என்றார் கண்டக்டர்.

"பஸ் நிக்கி. யாராவது ஒருத்தர் போணும்லா?"

வீடியோ மிக்ஸிங் கடை ஒரு வீட்டின் முன்னறையில் இருந்தது. அண்ணன் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பான். தங்கை விஜயஸ்ரீ இரண்டு வி.சி.ஆர்.களுக்கு நடுவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பாள். தாலி கட்டும் இடத்தில் ஒரு இதயப் படத்துக்குள் மாப்பிள்ளையும் பொண்ணும் சுற்றி வருவது அவளுடைய கைவண்ணம்.

"வாலிபால் ஆட்டமா? அதுல ஏன் இதயம் போடலேன்னு சண்டைக்கு வந்திருக்கேளா?" என்றாள்.

"பழைய சத்தம் வேணும், தாயி," என்றார் ஆவுடைநாயகம்.

"எந்தச் சத்தம்? ஒரே இரைச்சல், அண்ணாச்சி. கூட்டம் கத்துது, மைக் கத்துது, காக்கா கத்துது. அதை எந்த மனுஷன் வீட்டுல போட்டுப் பாப்பான்? அழிச்சுட்டேன்."

"எடுத்த கேசட்?"

"அதுல இப்ப தச்சநல்லூர்ல ஒரு சடங்கு வீடு இருக்கு. பாக்கேளா?"

ஆவுடைநாயகம் பார்க்க விரும்பவில்லை. வெளியே வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வேதமுத்துவின் கெடு. கையில் இருந்த ஒரே துப்பின் மேல் ஒரு பெண் பூப்பெய்தி உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டு போட்டதையாவது ஓடவிடுங்க," என்றான் வைத்தி. சும்மா நிற்க முடியாமல் கேட்டான்.

விஜயஸ்ரீ ஓடவிட்டாள். பாட்டு ஆரம்பித்தது. ஆற்றங்கரை தோற்றது. தோற்றது. பாட்டு மாறியது. மறுபடி தோற்றது. பிறகு இரண்டாவது செட்டின் நடுவில் ஒரு விநோதம் நடந்தது: ஆற்றங்கரை ஜெயித்தது. இடி அடித்தான், ஆளில்லாத இடத்தில் விழுந்தது. மின்னல் அடித்தான், ஆழ்வார்குறிச்சிக்காரன் எதிர்ப்பக்கம் குதித்திருந்தான். தொடர்ந்து ஆறு பாயிண்ட். அதற்குப் பிறகு பழையபடி தோல்வி.

"இந்த ஆறு பாயிண்ட் மட்டும் எப்படி?" என்றார் ஆவுடைநாயகம். "அசன் வித்தவன்னா, நடுவுல ஆறு பாயிண்ட் ஏன் இனாமா கொடுத்தான்?"

"நிறுத்துங்க," என்றான் வைத்தி. டிவிக்குப் பக்கத்தில் போய் மண்டிபோட்டான். "இங்கன ஓரத்துல பாருங்க. ஸ்கோர் எழுதுத மேஜைக்குப் பக்கத்துல."

திரையின் ஓரத்தில் வேதமுத்து இருந்தார். கையில் மைக். அந்த ஆறு பாயிண்ட் முழுக்க அவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. மைக்கை உள்ளங்கையால் தட்டினார். வாயருகே வைத்து ஊதினார். ஒயரைப் பிடித்து ஆட்டினார். மேஜைமேல் இருந்த ஃபேன் நின்றிருந்தது. ஸ்கோர் எழுதுபவர் ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டார்.

"கரண்ட் போயிருக்கு," என்றாள் விஜயஸ்ரீ. "கேமரா பேட்டரியில ஓடுது. அதான் படம் இருக்கு."

"பாட்டு மேல கெடந்ததால மைக் நின்னது யாருக்கும் தெரியல," என்றான் வைத்தி.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. வேதமுத்துவின் முகம் மலர்ந்தது. மைக் வாய்க்கு வந்தது. உதடுகள் பெரிதாக அசைந்தன. அந்த உதடுகள் மூடுவதற்குள் ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் வலது பக்கம் எழும்பினார்கள். அதற்குப் பிறகுதான் பந்து அசனின் விரலில் பட்டு வலது பக்கம் போனது.

ஆட்டத்துக்கு மேலே கதாநாயகி ஒருத்தி மழைப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

"வைத்தி," என்றார் ஆவுடைநாயகம் கடைசியில். "நம்மகிட்ட கேஸ் கொடுத்தது யாரு?"

"வேதமுத்து."

"ஒற்றன்?"

வைத்தி திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்காங்க, அண்ணாச்சி. ஒரே வேட்டிதான் கட்டுதாங்க."

ஆனால் வேதமுத்துவுக்கு மட்டும் எப்படி முன்கூட்டித் தெரிந்தது? அன்று சாயங்காலம் பயிற்சி ஆட்டத்தில் ஆவுடைநாயகம் ஒரு சோதனை வைத்தார். வேதமுத்து வழக்கம்போல் மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மைக் இல்லை. வைத்தி அவருக்குப் பக்கத்தில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னய்யா, ஆட்டத்தைப் பாக்காம ஆத்தைப் பாக்குதீரு?" என்றார் வேதமுத்து.

"கண்ணுக்கு டாக்டர் பச்சையைப் பாக்கச் சொல்லியிருக்காரு."

அக்கரையில் வாழைத்தோட்டம். பின்னால் பந்து அடிபடும் சத்தம். பக்கத்தில், வேதமுத்துவின் வாயிலிருந்து முணுமுணுப்பு தானாக ஒழுகியது: "இடி இறங்கப் போவுது… மின்னல்… மின்னல் வெட்டப் போவுது… இடி…" அவர் பேசுகிறார் என்பதே அவருக்குத் தெரியாது. இடி என்றால் வைத்தி இடது கையைத் தூக்கினான். மின்னல் என்றால் வலது கை. அவன் கை தூக்கியபிறகுதான் பந்து போனது. கொட்டகை நிழலில் ஆவுடைநாயகமும் சுடலைமாடனும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

சுடலைமாடனின் கண் அதற்குள் வேறு இடத்துக்குப் போயிருந்தது. "அடப்பாவி," என்றார் மெதுவாக. "நான் கையையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். காலைப் பாரும். பின்பக்கமா மின்னலுக்குத் தூக்கணும்னா, பந்து வாரதுக்கு முன்னாலயே அசனோட இடது குதிகால் எந்திரிக்கி. இடிக்குன்னா தரையில கெடக்கு. ஆழ்வார்குறிச்சிக்காரன் பந்தைப் பாக்கான், அவனுக்கு அது தெரியாது. வேதமுத்து ஆறு வருஷமா இந்தப் பயலைத் தினமும் பாக்காரு. அவருக்கும் தெரியாது. ஆனா அவரு வாய்க்குத் தெரியும்."

வேதமுத்து டீ குடிக்கப் போனதும் அசனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் முதலில் சிரித்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"மைக்கைப் புடுங்கிருவோம்," என்றார் சுடலைமாடன்.

"அவருகிட்ட மைக்கைப் புடுங்குனா, நாளைக்கு ஆட்டம் பாக்க வாரதுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குப் போவாரு," என்றான் வைத்தி.

"புடுங்க வேண்டாம், சார்," என்றான் அசன். தன் இடது காலையே யாரோ அந்நியனுடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி பேசட்டும். கேக்குதவன் கேக்கட்டும். குதிகாலைத் தூக்கிட்டு இடிக்குக் கொடுக்கேன்."

"ஆறு வருஷப் பழக்கம்லே. ஒரே நாள்ல மாறுமா? அந்த ஆபீஸர் முன்னால தடுமாறுனேன்னு வையி…"

"துபாயில சட்டை மடிப்பேன்," என்றான் அசன். "வித்துட்டான்னு பேர் வாங்குததவிட ஆடத் தெரியலேன்னு பேர் வாங்குதேன். ரெண்டு பேரையும் நிறுத்தி வச்சு இப்பவே தூக்கிப் பழகுதேன் சார். இன்னும் வெளிச்சம் இருக்கு."

வேதமுத்து திரும்பி வந்தபோது ஆவுடைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அண்ணாச்சி, ஒற்றன் யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. அசன் இல்ல. பேரை நாளைக்கு ஆட்டம் முடிஞ்ச பெறவு சொல்லுதேன். பையன் ஆடட்டும். எம் பொறுப்பு."

"பேரு?"

"நாளைக்கு."

"ஒரு எழுத்து மட்டும்!"

"நாளைக்கு, அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் அப்பியிருந்தது. மரத்தில் ஆள், மதிலில் ஆள், ஐஸ் வண்டியின் மேல் ஆள். துறைமுக ஆபீஸர் வெள்ளைத் தொப்பியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் எந்த அபிப்பிராயமும் இல்லை. வைத்தி நின்ற இடத்தில் நிற்காமல் கூட்டத்துக்குப் பின்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தான்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே!" ஒலிபெருக்கி அதிர்ந்தது.

முதல் செட்டில் அசனின் கால் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. குதிகாலை யோசித்தால் கை பிந்தியது. கையை யோசித்தால் குதிகால் பழையபடி உண்மையைச் சொன்னது. "மின்னல் வெட்டப் போகிறது!" என்றார் வேதமுத்து பெருமையோடு. ஆழ்வார்குறிச்சிச் சுவர் வலது பக்கம் எழும்பியது. மின்னல் சுவரில் மோதி விழுந்தது. முதல் செட் போனது. ஆபீஸர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் எவனோ, "ஏலே செட்டர், எவ்வளவுக்குலே வித்த?" என்றான். அசன் திரும்பிப் பார்க்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

வைத்தி கோட்டருகே ஓடினான். "மாப்ள! பரீட்சையில தப்பான விடைய மூடி வைப்பியே, இப்பத் தொறந்து காட்டுலே! எல்லாவனும் பாத்து எழுதட்டும்!"

அசனின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது செட். பந்து வந்தது. குதிகால் எழுந்தது. "மின்னல் வெட்டப் போகிறது!" சுவர் வலது பக்கம் பறந்தது. பந்து இடது பக்கம் போனது. ஆளே இல்லாத வெட்டவெளியில் இடி இறங்கியது.

"மின்னல்… இல்லை… இடி இறங்கியது, அன்பர்களே!" என்றார் வேதமுத்து, தன் நாக்கைத் தானே நம்பாமல்.

அடுத்த பந்து. குதிகால் தரையில் கிடந்தது. "இடி!" மின்னல் அடித்தான். அதற்கடுத்து மறுபடி. வேதமுத்து சொன்னது ஒன்றுகூடப் பலிக்கவில்லை. ஆழ்வார்குறிச்சி கேப்டன் ஒலிபெருக்கியை ஒரு தடவை முறைத்துப் பார்த்தான், சொந்தக்காரன் கைவிட்டதுபோல. இரண்டாவது செட் வந்து சேர்ந்தது. ஆபீஸர் கடிகாரத்தை மறந்து நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

மூன்றாவது செட்டில் ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் புத்திசாலிகளானார்கள். ஒலிபெருக்கி சொன்னதற்கு எதிர்ப்பக்கம் குதித்தார்கள். உடனே அசன் உண்மையைக் காட்ட ஆரம்பித்தான். மறுபடி ஒலிபெருக்கியை நம்பினார்கள். அவன் மறுபடி பொய் காட்டினான். பாயிண்ட் ஒட்டி ஒட்டிப் போயிற்று. கடைசியில் ஆற்றங்கரைக்கு இன்னும் ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது.

பந்து உயரே எழும்பி அசனை நோக்கி இறங்கியது. ஊர் மூச்சைப் பிடித்தது. ஆழ்வார்குறிச்சியின் இரண்டு பேரும் முழங்காலை மடக்கி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒலிபெருக்கியிலிருந்து எதுவும் வரவில்லை.

வேதமுத்து மைக்கை வாயருகே பிடித்தபடி, வாயைத் திறந்தபடி, நின்றார். கரண்ட் இருந்தது. ஃபேன் சுற்றியது. இடியா மின்னலா என்று ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவருக்குத் தெரியவில்லை. ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் இருவரும், என்ன ஆயிற்று இவருக்கு என்று, அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் மறுபடி வலைப்பக்கம் திரும்புவதற்குள் பந்து அவர்கள் பக்கத்துத் தரையைத் தொட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த கூச்சலில் வைத்திக்கு ஒரு செருப்பு தொலைந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளைத் தொப்பி அசனிடம் போனது. "தம்பி, எதிராளி மூஞ்சியைப் பாத்து ஆடுதவனைப் பாத்திருக்கேன். காதைப் பாத்து ஆடுதவனை இப்பதான் பாக்கேன். நாளைக்குக் காலைல தூத்துக்குடிக்கு வந்துரு." அசன் தலையை ஆட்டினான். ஆழ்வார்குறிச்சி கேப்டன் பின்னாலிருந்து அவன் தோளில் தட்டி, "டீ குடிக்க வா," என்றான்.

வேதமுத்து வேர்த்து விறுவிறுத்து ஆவுடைநாயகத்திடம் வந்தார். குரல் கம்மியிருந்தது. "இன்னைக்கு நான் சொன்னது ஒண்ணுகூடப் பலிக்கல வே. எனக்கே சந்தேகம் வந்துட்டு. அது கெடக்கட்டும். அந்தத் துரோகி யாரு?"

ஆவுடைநாயகம் அவருடைய முகத்தைப் பார்த்தார். ஊர்ப் பையன்களைத் தன் பிள்ளைகள்போல் கொண்டாடிக் கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை.

"இன்னைக்கு அவன் நம்ம பக்கம் மாறிட்டான், அண்ணாச்சி. இந்த வெற்றியே அவனாலதான். விட்ருங்க."

வேதமுத்து யோசித்தார். கண் கலங்கியது. நேராக மைக்குக்குப் போனார். "அன்பார்ந்த பெருமக்களே! நம் அணியின் துரோகி மனம் திரும்பினார் என்ற மகிழ்ச்சியான செய்தியை அறிவிக்கிறேன்! அவரை நாம் மன்னிப்போம்!"

கூட்டம் கைதட்டியது. யாரை என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அசனைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட வைத்தி போயிருந்தான். அசனின் வாப்பாவும் வந்திருந்தார். திருப்பி அனுப்ப வேண்டிய விசா அவருடைய சட்டைப்பையில் இருந்தது. ஜன்னல் வழியாக மகனுக்கு ஒரு கதலிப்பழச் சீப்பை நீட்டினார். பஸ் கிளம்பும்போது வைத்தி கேட்டான்: "கடைசிப் பந்துக்குக் குதிகால் எந்திரிச்சுதா, இல்லியாலே?"

"அல்லா மேல சத்தியமாத் தெரியல, மாப்ள," என்றான் அசன்.

அங்கிருந்து வைத்தி ஃபைனல் கேசட்டை வாங்கி வரப் பாளையங்கோட்டைக்குப் போனான். கடை வாசலிலேயே விஜயஸ்ரீ நின்றாள். உதட்டில் விரலை வைத்து உள்ளே காட்டினாள்.

"கடை தொறந்ததுலருந்து இருக்காரு. பாட்டுப் போடக் கூடாதுன்னுட்டாரு."

கதவிடுக்கில் வைத்தி எட்டிப் பார்த்தான். இருட்டறையில் டிவிக்கு ஒரு சாண் தள்ளி ஆவுடைநாயகம் உட்கார்ந்திருந்தார். மைதானத்து இரைச்சல் மெல்லக் கேட்டது: கூட்டம், காக்கா, வேதமுத்து. பிறகு அந்த நிசப்தம். அசன் பந்துக்குக் கீழே வந்தான். பின்னணியில், கூட்டத்தோடு கூட்டமாக, ஆவுடைநாயகத்தின் தலையும் தப்பான பக்கம் திரும்பியது. பந்து விழுந்தது.

படம் நின்றது. பின்னால் ஓடியது. பந்து தரையிலிருந்து எழுந்து அசனின் விரலுக்குத் திரும்பிப் போனது.

வைத்தி கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினான். நேற்றுவரை அவன் சேர்த்து வைத்திருந்த நக்கல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து நின்றன.

"கதவைச் சாத்துலே," என்றார் ஆவுடைநாயகம் திரும்பாமலே. "வெளிச்சத்துல கால் தெரியல."

மறுபடியும் ஓடவிட்டார்.